பேங்க்குக்கு விவாகரத்து கிடையாது!

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்று சொல்லிவிட்டுப் போன பெரியவர் கெட்டிக்காரர்தான். ஆனால் அவர் காலத்தில் ஹவுஸிங் லோன் கிடையாது. இருந்திருந்தால் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்திருப்பார்: 'ரெண்டையும் ஒரே சமயத்தில் பிரித்துப் பார்!'

தாம்பரம் - பீச் மின்சார ரயில் 1931-லிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு அதில் ஜன்னலோரம் கிடைத்த ஆளையும் கிடைக்காத ஆளையும் இணைக்கிற ஒரே சமாசாரம் ஈ.எம்.ஐ. சேலையூரில் பிளாட், முடிச்சூரில் தனி வீடு, பணம் கொஞ்சம் குறைந்தால் ஊரப்பாக்கம், இன்னும் குறைந்தால் கூடுவாஞ்சேரி. ஒருத்தர் சம்பளத்துக்கு பேங்க் கொடுக்கிற தொகை பில்டர் கேட்கிற தொகைக்கு எட்டாது. உடனே மேனேஜர் சிரித்துக்கொண்டே கேட்பார்: "மேடமும் வேலைக்குப் போறாங்களா ஸார்?" அவ்வளவுதான். அக்கினி சாட்சியாகக் கைப்பிடித்தவர்கள் அன்றைக்கு பேங்க் சாட்சியாக இன்னொரு முறை கைப்பிடிக்கிறார்கள். முதலாவதில் ஏழு அடி. இரண்டாவதில் இருநூற்று நாற்பது தவணை!

கல்யாணம் சில சமயம் இருநூற்று நாற்பது மாதம் தாங்குவதில்லை. யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. ஒத்துவரவில்லை, கௌரவமாகப் பிரிந்துவிடலாம் என்று முடிவெடுக்கிற ஜோடிகள் நம் தெருவிலும் இருக்கிறார்கள். பாத்திரம் பண்டம், கிரைண்டர், பீரோ எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் பிரிந்துவிடுகின்றன. 'ஃப்ரிட்ஜ் எங்கப்பா வாங்கிக் கொடுத்தது', 'சரி, எடுத்துக்கோ'. முடிந்தது. மிஞ்சுவது பிளாட்டும் அதன் தலைமேல் உட்கார்ந்திருக்கிற கடனும்.

எங்கள் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் ஒரு தம்பதி இருந்தார்கள். அவர் கிண்டியில் வேலை, அந்தப் பெண் பெருங்குடியில். பத்திரத்தில் ரெண்டு பேர் பெயர், லோனில் ரெண்டு பேர் கையெழுத்து. பரஸ்பர சம்மதத்தில் பிரிந்தார்கள். ஒரு தட்டு உடையவில்லை. மனுவிலேயே அழகாக எழுதிக்கொண்டார்கள்: 'பிளாட்டும் அதன் மீதான கடனும் கணவரைச் சேர்ந்தது. மனைவிக்கு எந்த உரிமையும் பொறுப்பும் கிடையாது.' நீதிமன்றமும் அதைப் பதிவு செய்துகொண்டு விவாகரத்து கொடுத்தது. அந்தப் பெண் ரெண்டு சூட்கேஸுடன் குரோம்பேட்டையில் அப்பா வீட்டுக்குப் போனார்.

ரெண்டு வருஷம் கழித்து ஊரப்பாக்கத்தில் சின்னதாக ஒரு பிளாட் பார்த்து, தன் பெயரில் லோன் கேட்டுப் போயிருக்கிறார். பேங்க் அதிகாரி கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு, "உங்க பேர்ல ஏற்கெனவே ஒரு ஹவுஸிங் லோன் இருக்கே மேடம். அதுல மூணு தவணையும் பாக்கி" என்றாராம்.

ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். "அண்ணா, அந்த வீட்டுல நான் இல்லை. அந்த வீடு என்னோடதும் இல்லைன்னு எழுதியாச்சு. கடன் மட்டும் எப்படி என்னோடதா இருக்கும்?"

நியாயமான கேள்வி. விஷயம் என்னவென்றால், மாஜி கணவருக்கு வேலை போய்விட்டது. சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு மூன்று மாதமாகத் தவணை கட்டாமல் இருந்திருக்கிறார். மனுஷர் மோசடிக்காரர் இல்லை. ஆனால் சிபில் கணக்குக்கு நல்லவர், கெட்டவர் வித்தியாசம் தெரியாது. கூட்டுக் கடனில் ஒருத்தர் சறுக்கினால் ரெண்டு பேர் மதிப்பெண்ணும் சறுக்கும்.

அந்தக் கேள்விக்குப் பதில் 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் இருக்கிறது. பிரிவு 43. ரெண்டு பேர் சேர்ந்து ஒரு வாக்குக் கொடுத்தால், கடன் கொடுத்தவர் அந்த ரெண்டு பேரில் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம். பாதியை இல்லை, முழுசையும்! கட்டியவர் அப்புறம் மற்றவரிடமிருந்து அவர் பங்கை வசூல் செய்துகொள்ளட்டும் என்கிறது சட்டம்.

குடும்ப நல நீதிமன்றத்தில் போட்ட கையெழுத்து அந்த ரெண்டு பேரைத்தான் கட்டுப்படுத்தும். பேங்க் அந்த வழக்கில் கட்சிக்காரர் இல்லை, யாரும் அதைக் கேட்கவும் இல்லை. நீதிபதி கணவன் மனைவியைப் பிரிக்கலாம். கடனாளிகளைப் பிரிக்கிற அதிகாரம் கடன் கொடுத்தவரிடம்தான் இருக்கிறது. ஒப்பந்தப்படி நடக்காத மாஜி கணவர் மேல் அந்தப் பெண் கோர்ட்டுக்குப் போகலாம்தான். அதுவரை பேங்க் காத்திருக்காது. தவணை 90 நாளைக்கு மேல் நின்றால் கணக்கு வாராக்கடன் பட்டியலுக்குப் போகும். பிறகு 2002-ஆம் வருஷத்துச் சட்டப்படி 60 நாள் நோட்டீஸ். அதற்கும் பதில் இல்லையென்றால் வாசலில் வேறு பூட்டு!

நல்லவேளை, இவர்கள் விஷயம் அவ்வளவு தூரம் போகவில்லை. ரெண்டு பேரும் பேசி, நின்ற தவணைகளைக் கடன் வாங்கிக் கட்டி, பிளாட்டை விற்க முடிவு செய்தார்கள். வாங்கியவரின் பேங்க் பழைய பேங்க்கின் பாக்கியைத் தீர்த்தது. கிரயப் பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட நானும் போயிருந்தேன். டோக்கன் கூப்பிடும்வரை ரெண்டு பேரும் நடுவில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். பத்திர எழுத்தர் பழைய பத்திரத்தைப் பார்த்து அப்படியே அடித்திருந்தார். அந்தப் பெண்ணின் பெயருக்கு முன்னால் 'க/பெ' என்று அவர் பெயர். அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் அந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். எழுத்தர் திரும்பிப்போய் 'த/பெ' என்று மாற்றி அடித்துக் கொண்டுவந்தார். விவாகரத்து அன்றைக்கு அழாத மாஜி கணவர் அப்போது கர்ச்சீப்பை எடுத்ததைப் பார்த்தேன்.

சரி, சோகம் போதும். கணக்குக்கு வருவோம்.

முதல் கேள்வி: வீடு யாருடையது? நம் நாட்டில் பல பேர், கல்யாணத்துக்குப் பிறகு வாங்கியதெல்லாம் தானாகவே பாதிப் பாதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கலிபோர்னியாவில் இருக்கிற ஒன்றுவிட்ட தம்பிக்கு அப்படி. கோவாவில், போர்ச்சுகீசியர் விட்டுப்போன சிவில் சட்டத்தால், பொதுவாக அப்படி. தாம்பரத்தில் அப்படிச் சட்டம் கிடையாது. இங்கே முதலில் பேசுவது பத்திரம்.

பத்திரமும் லோனும் வேறு வேறு என்பதையும் கவனியுங்கள். லோன் தொகையைக் கூட்டுவதற்காக மட்டும் மனைவியைச் சேர்த்துக்கொண்டு, பத்திரத்தைத் தன் பெயரில் மட்டும் பதிவு செய்கிற புத்திசாலிகள் உண்டு. அந்த அம்மாளுக்குக் கடனில் முழுப் பொறுப்பு, வீட்டில் பத்திரப்படி ஒரு செங்கல் கூட இல்லை! உங்கள் தங்கைக்கு இப்படி ஒரு மாப்பிள்ளை வாய்த்தால் என்ன சொல்வீர்களோ, அதையே உங்களுக்கும் சொல்லிக்கொள்ளுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 'பத்திரத்தில் ரெண்டு பேர் பெயர் இருந்தால் என்ன ஸார், ஈ.எம்.ஐ. முழுக்க நான்தானே கட்டினேன்' என்று சட்டைக் கையை மடிப்பவர்களுக்கு டில்லி உயர் நீதிமன்றம் 2025 செப்டம்பரில் பதில் சொல்லிவிட்டது. தம்பதி 2005-ல் ரெண்டு பேர் பெயரிலும் வாங்கிய மும்பை வீடு பற்றிய வழக்கு அது. தவணை கட்டியதை மட்டும் காரணம் காட்டி முழு வீடும் தனது என்று கணவர் கேட்க முடியாது என்று சொல்லி, வீடு விற்றுக் கடன் போக மிஞ்சிய பணத்தில் பாதி மனைவிக்கு என்று தீர்ப்பளித்தார்கள்.

நம்மூர்த் தீர்ப்பும் ஒன்று உண்டு. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி கொடுத்தது. கணவர் சவூதியில் சம்பாதித்தார், மனைவி ஊரில் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார். அது விவாகரத்து வழக்கு இல்லை, சொத்துத் தகராறு. வீட்டைக் கவனித்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் அந்தச் சொத்து வாங்க உதவியதுதான், அவருக்கும் சம பங்கு உண்டு என்றார் நீதிபதி. 'அவ வீட்டுல சும்மாதானே இருந்தா' என்ற வசனத்தை கோர்ட் வாசலோடு விட்டுவிடுவது நல்லது.

அப்புறம் நகை. மார்ஜின் மணி போதவில்லை என்று மனைவியின் வளையலும் ஆரமும் அடகுக் கடைக்குப் போகாத வீடு நம் பக்கத்தில் குறைச்சல். அது சீதனம். அவர் சொத்து. 2024 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் கேரளத் தம்பதி ஒருவர் வழக்கில் 89 பவுன் நகைக்கு ஈடாக 25 லட்சம் ரூபாயைக் கணவர் கொடுக்க வேண்டும் என்றது. கஷ்ட காலத்தில் எடுத்துச் செலவழிக்கலாம், திருப்பிக் கொடுக்கிற பொறுப்பு இருக்கிறது என்பதுதான் சாரம். எனவே கணக்குப் போடும்போது நகையை முதல் வரியில் எழுதுங்கள்.

இப்போது ஒரு மாதிரிக் கணக்கு. 55 லட்சத்துக்கு ஒரு பிளாட். கையிலிருந்து 15, லோன் 40. வட்டி 8.5 சதவீதம், 20 வருஷம். மாதத் தவணை 34,713 ரூபாய். ஐந்து வருஷம் ஒழுங்காகக் கட்டியாயிற்று. மொத்தம் போனது 20 லட்சத்து 82 ஆயிரத்து 780. அசலில் குறைந்தது எவ்வளவு தெரியுமா? சுமார் 4 லட்சத்து 75 ஆயிரம்! மீதி 16 லட்சம் வட்டிக்குப் போய்விட்டது. பாக்கி இன்னும் 35 லட்சத்து 25 ஆயிரம். 'நான் இருபது லட்சம் போட்டிருக்கேன்' என்று சண்டை போடுவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் பார்த்துவிடுங்கள். அந்த இருபது லட்சத்தில் பெரும்பகுதி வீட்டில் இல்லை, பேங்க்கின் லாப நஷ்டக் கணக்கில் இருக்கிறது.

அந்த பிளாட் இன்றைக்கு 65 லட்சம் போகும் என்று வைத்துக்கொள்வோம். கடனைக் கழித்தால் 29 லட்சத்து 75 ஆயிரம். பிரிக்கவேண்டியது இதைத்தான். சரிபாதி என்றால் ஆளுக்கு 14 லட்சத்து 87 ஆயிரம் சொச்சம். ஆரம்பத்தில் யார் எவ்வளவு போட்டார்கள், யார் நகை போயிற்று, குழந்தை யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்து முன்பின் ஆகலாம்.

இனி வழிகள். மூன்றுதான்.

ஒன்று, விற்றுவிடுவது. மனசுக்குக் கஷ்டம், கணக்குக்குச் சுத்தம். மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் தனி நபரிடம் பேங்க் அபராதம் வாங்கக்கூடாது என்று 2012-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. கடன் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் பத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், தங்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கொடுக்கவேண்டும் என்பது 2023-ல் வந்த உத்தரவு.

ரெண்டு, ஒருத்தர் வைத்துக்கொள்வது. வைத்துக்கொள்பவர் மற்றவருக்குப் பங்குப் பணம் கொடுக்கவேண்டும், கடன் முழுவதையும் தன் தலைக்கு மாற்றிக்கொள்ளவும் வேண்டும். பேங்க் சும்மா பெயரை அடித்துவிடாது. தனி ஆளாக 34,713 ரூபாய் கட்ட உங்கள் சம்பளம் தாங்குமா என்று புதிதாகப் பார்க்கும். தாங்காது என்றால் அப்பாவையோ அண்ணனையோ சேர்க்கச் சொல்லும், அல்லது அசலில் ஒரு பகுதியை அடைக்கச் சொல்லும். எதுவும் முடியாவிட்டால் முதல் வழிக்குத் திரும்புங்கள்.

மூன்று, குழந்தையின் படிப்பு முடியும்வரை ரெண்டு பேர் பெயரிலேயே விட்டுவைப்பது. தவணையை யார் கட்டுவது, அசோசியேஷன் மெயின்டனன்ஸ் யார், எந்த வருஷம் விற்பது எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளவேண்டும். விவாகரத்துக்குப் பிறகும் ஒருத்தர் சம்பளத்தை ஒருத்தர் நம்பியிருக்கிற ஏற்பாடு இது. அவ்வளவு ஒற்றுமை இருந்தால் சேர்ந்தே இருக்கலாமே என்று கேட்காதீர்கள். அது வேறு டிபார்ட்மென்ட்.

ரெண்டாவது வழியில் போகிறவர்களுக்கு முக்கியமான ஒரு விஷயம். பங்கை விட்டுக்கொடுப்பவர் 'விடுதலைப் பத்திரம்' எழுதிப் பதிவு செய்யவேண்டும். தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினர்களுக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான். 2023 ஜூலையில் மாற்றிய கட்டணப்படி அதற்கு உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு 10,000. நம் மாதிரி பிளாட்டில் பாதிப் பங்கின் மதிப்பு முப்பத்திரண்டரை லட்சம் என்றால், தீர்வை 32,500. விவாகரத்து ஆனபிறகு நீங்கள் குடும்பம் இல்லை, ரெண்டு அந்நியர்கள். அப்போது தீர்வை 7 சதவீதம், அதாவது 2 லட்சத்து 27 ஆயிரத்து 500! வித்தியாசம் ஏறத்தாழ ரெண்டு லட்சம். பதிவுக்குப் போகுமுன் அன்றைய கட்டணத்தைச் சார்பதிவகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வருமான வரிக்கும் 'மனைவி' என்ற சொல்லுக்கும் தொடர்பு உண்டு, ஆடிட்டரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஆகவே வரிசை முக்கியம். பரஸ்பர சம்மதத்தில் பிரிய, ஒரு வருஷமாவது தனித்தனியே வாழ்ந்திருக்க வேண்டும். மனு போட்டபின் ஆறு மாதம் அவகாசம். தகுந்த காரணம் இருந்தால் அந்த ஆறு மாதத்தைக் கோர்ட் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. பல பேர் இந்த ஆறு மாதத்தை எப்படித் தாண்டிக் குதிப்பது என்றுதான் வக்கீலைக் கேட்கிறார்கள். நான் கேட்டால், லோன் இருப்பவர்களுக்கு அது கடவுள் கொடுத்த அவகாசம். அதற்குள் பேங்க்குக்குப் போங்கள். பேங்க் விடுவிப்புக் கடிதம், பங்குப் பணத்துக்கு டி.டி., விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து மூன்றும் ஒரே நாளில் நடக்கட்டும். பணம் அப்புறம், கையெழுத்து இப்போது என்றால் யாராயிருந்தாலும் எழுந்து வந்துவிடவேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகு கோர்ட்டில் கடைசிக் கையெழுத்து.

சில்லறை வேலைகள் உண்டு. கூட்டு சேமிப்புக் கணக்கு, தவணைக்குத் தானாகப் பணம் எடுக்கிற ஏற்பாடு, லோனோடு எடுத்த இன்ஷூரன்ஸ், பி.எஃப். நாமினி, எல்.ஐ.சி. நாமினி, வாசலில் நிற்கும் ஸ்கூட்டரின் ஆர்.சி. புஸ்தகம். எல்லாம் ஒரு தாளில் எழுதி ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள். ஆறு மாதம் கழித்து ரெண்டு பேரும் சிபில் ரிப்போர்ட் எடுத்துப் பாருங்கள். அதில் பழைய கடன் இல்லாவிட்டால்தான் உண்மையில் விவாகரத்து ஆகியிருக்கிறது என்று அர்த்தம்!

இதைப் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் சந்தோஷமாகக் குடித்தனம் நடத்துகிறவர்கள். உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. சண்டை எதுவும் இல்லாத ஒரு நாள் ராத்திரி, சாப்பாடு முடிந்ததும், பத்திரத்தின் ஜெராக்ஸையும் லோன் ஸ்டேட்மென்டையும் எடுத்துவந்து மனைவியிடம் காட்டுங்கள். யார் பெயர் எங்கே இருக்கிறது, பாக்கி எவ்வளவு, உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் யாரைப் பார்ப்பது என்று சொல்லுங்கள். சேர்ந்து வாழ்கிறவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டிய கணக்குதான்.

'திடீர்னு ஏன் இதெல்லாம்?' என்று கேட்டால், தயவுசெய்து இந்தப் பக்கத்தை மட்டும் காட்டிவிடாதீர்கள்.